கரண்ட் வைத்தால் வலி எங்கே போகிறது?

கேள்வி: எனக்கு 44 வயது. திருப்பூரில் பனியன் கம்பெனியில் ஓவர்லாக் டெய்லர். ஊர் அவிநாசி தாண்டி. ஐந்து மாதமாகக் குறுக்கு வலி. வலது பின்புறத்திலிருந்து கெண்டைக்கால் வரைக்கும் இழுக்கிறது. டிஸ்க் கொஞ்சம் பிதுங்கியிருக்கிறது, ஆபரேஷன் வேண்டாம் என்று ஸ்கேன் பார்த்த டாக்டர் சொல்லிவிட்டார். பத்து நாள் பிசியோதெரபி கிளினிக்கில் கரண்ட் வைத்தேன். வைக்கும்போது நன்றாக இருக்கிறது, பஸ் ஏறி வீடு வருவதற்குள் பழையபடி குடைய ஆரம்பித்துவிடுகிறது. இப்போது மகன் ‘டென்ஸ்’ என்று ஒரு சின்ன மெஷின் ஆன்லைனில் வாங்கிக் கொடுத்திருக்கிறான். அதைத் தினமும் வைக்கலாமா? கரண்ட் நரம்பை மரத்துப்போக வைத்துத்தான் வலியைக் குறைக்கிறது, நாளாக ஆக நரம்பே செத்துவிடும் என்று கம்பெனியில் சொல்கிறார்கள். உண்மையா? சர்க்கரை இருக்கிற என் அத்தை பாத எரிச்சலுக்கும், பேஸ்மேக்கர் வைத்திருக்கிற மாமா முழங்கால் வலிக்கும் இதே மெஷினைக் கேட்கிறார்கள். கொடுக்கலாமா?

பதில்:

முதலில் ஒரு காரியம். இதைப் படித்து முடிக்கிற வரைக்கும் அந்த மெஷின் உங்கள் மாமா கைக்குப் போகாமல் எடுத்து வைத்துவிடுங்கள். ஏன் என்று பின்னால் சொல்கிறேன்.

‘வைக்கும்போது நன்றாக இருக்கிறது, வீடு வருவதற்குள் பழையபடி.’ இந்த வரியை இருபது வருடமாகக் கேட்டு வருகிறேன். கட்டிலை விட்டு இறங்கிச் சேலையைச் சரிசெய்துகொண்டே, “இப்பத் தேவலைங்க. ஆனா ஊரு போய்ச் சேர்றதுக்குள்ள மறுபடியும் புடிச்சுக்கும் பாருங்க” என்பார்கள், நான் ஏதோ அரைகுறையாகத் தைத்து அனுப்பிய மாதிரி. தொழிலுக்கு வந்த புதிதில் எனக்கும் அது என் குறையாகத்தான் பட்டது. கரண்டை இன்னும் கொஞ்சம் கூட்டுவேன், இன்னும் ஐந்து நாள் வரச் சொல்லுவேன். இப்போது அப்படிச் செய்வதில்லை. கரண்ட் சிகிச்சை எவ்வளவு தூரம் போகும் என்பதை நீங்கள் ஒரே வரியில் சரியாக எழுதிவிட்டீர்கள். உங்களுக்கு வைத்தவர்கள் முதல் நாளே அதைச் சொல்லியிருக்க வேண்டும்.

நரம்பு சாகுமா என்ற பயத்துக்குப் பதில் சொல்ல, வலி எந்த வழியாக வருகிறது என்பதைக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும்.

இருட்டில் எழுந்து போகும்போது நிலைப்படியில் கால் கட்டைவிரலை இடித்துக்கொண்டிருப்பீர்கள். இடித்த மாத்திரத்தில் சுரீரென்று ஒன்று. அப்புறம் ஒரு மூச்சு நேரம் ஒன்றும் இருக்காது. அப்பாடா என்று நினைக்கிறபோதுதான் விண் விண்ணென்று இரண்டாவது வலி ஏறி வரும். ஆளை உட்கார வைப்பது அதுதான். அடி ஒன்று, வலி இரண்டு. இரண்டும் வேறு வேறு பாதையில் வருவதுதான் காரணம்.

நரம்பு என்று நாம் சொல்வது ஒற்றைக் கம்பி இல்லை. தறியில் ஓடும் பாவு மாதிரி ஆயிரக்கணக்கான இழைகள் சேர்ந்த கட்டு. அதில் தொடுவுணர்வைக் கொண்டுபோகிற ஏ-பீட்டா இழைகள் தடிமனானவை, மேலே மயலின் என்ற கொழுப்பு உறை சுற்றியிருக்கும். செய்தி அதில் நொடிக்கு 30 முதல் 70 மீட்டர் வரை ஓடும். 50 என்று வைத்துக்கொண்டாலே மணிக்கு 180 கிலோமீட்டர். கோவையிலிருந்து சென்னை போகிற வந்தே பாரத்கூட அந்த வேகத்துக்கு வராது. சுரீர் வலியைக் கொண்டுவருகிற ஏ-டெல்டா இழைகளுக்கு உறை மெல்லியது. நொடிக்கு 15 மீட்டர் என்றால் காலியான ரோட்டில் போகிற நம் டவுன் பஸ் வேகம். குடைச்சல், எரிச்சல், விண் விண்ணென்ற தெறிப்பு எல்லாம் வருவது சி இழைகளில். மெல்லிசிலும் மெல்லிசு, உறையே கிடையாது. நொடிக்கு ஏறக்குறைய ஒரு மீட்டர், அதாவது பழனிக்குப் பாதயாத்திரை போகிறவர்கள் நடக்கிற வேகம். கால் விரலிலிருந்து முதுகுத்தண்டுக்கு ஒரு மீட்டர் சொச்சம் இருக்கும். நிலைப்படியில் இடித்தபோது கிடைத்த அந்த ஒரு மூச்சு நேரம் எங்கிருந்து வந்தது என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒவ்வொரு இழையும் ஒவ்வொரு வேகத்தில் ஓடுகிறது, ஒவ்வொரு வேலை பார்க்கிறது என்று காட்டிய எர்லாங்கர், காசர் என்ற இரண்டு அமெரிக்கர்களுக்கு 1944ஆம் ஆண்டின் நோபல் பரிசு கிடைத்தது.

இழைக்குள் ஓடுவதும் ஒருவகை மின்சாரம்தான். ஆனால் ஈ.பி. கம்பியில் ஓடுகிற மாதிரி ஓடுவதில்லை. சும்மா இருக்கும்போது இழையின் உள்பக்கம் வெளிப்பக்கத்தைவிடச் சுமார் 70 மில்லிவோல்ட் இறங்கியிருக்கும். டார்ச் லைட்டுக்குப் போடுகிற ஒன்றரை வோல்ட் பேட்டரியில் இருபதில் ஒரு பங்கு. தூண்டல் விழுந்ததும் அந்த இடத்தில் குட்டிக் குட்டிக் கதவுகள் திறந்து சோடியம் உள்ளே பாயும். அது பக்கத்துக் கதவைத் திறக்கும், அது அதற்கடுத்ததை. தீபாவளிச் சரத்தில் ஒரு வெடி அடுத்த வெடியைப் பற்றவைக்கிற மாதிரி. வெடித்தால் முழுசாக வெடிக்கும், இல்லாவிட்டால் வெடிக்காது. பாதி வெடி என்று ஒன்று இல்லை. வலி கூடுதலாக இருக்கிறது என்றால் வெடி பெரிதாகிவிட்டது என்று அர்த்தமில்லை, அடுக்கடுக்காக வெடிக்கிறது என்றுதான் அர்த்தம். தீபாவளிச் சரம் வெடித்தால் குப்பை. நரம்பிழையோ கண் இமைப்பதற்குள் அடுத்த வெடிக்குத் தயாராகிவிடும்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். வரமிளகாய் கிள்ளிய கை எரிகிறது. கையைத் தொட்டுப் பார்த்தால் சூடு இல்லை, புண் இல்லை. 43 டிகிரிக்கு மேல் சூடு பட்டால் திறக்க வேண்டிய கதவு ஒன்று நரம்பு நுனியில் இருக்கிறது. மிளகாயிலிருக்கிற கேப்சைசின் அதே கதவைத் திறந்துவிடுகிறது. நரம்பும் ‘சுடுது, சுடுது’ என்று செய்தி அனுப்பிவிடுகிறது. அந்தக் கதவைக் கண்டுபிடித்த டேவிட் ஜூலியஸ் 2021இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். வலிக்கிற அளவுக்குத்தான் உள்ளே கெட்டிருக்கிறது என்று நினைக்க வேண்டாம் என்பதற்காக இதைச் சொல்கிறேன். உங்கள் ஸ்கேனுக்கும் இது பொருந்தும். வலியே இல்லாத ஆட்களைப் படமெடுத்துப் பார்த்த ஆய்வுகளை 2015இல் ஒன்றாகத் தொகுத்தார்கள். 40 வயதுக்காரர்களில் பாதிப் பேருக்கு டிஸ்க் பிதுங்கித்தான் இருந்தது. உங்களுக்கு இருப்பது நரம்பை உரசுகிறது, அதனால் கால் வரைக்கும் இழுக்கிறது, சரி. ஆனால் ‘டிஸ்க் போச்சு’ என்று மனதில் முடிச்சுப் போட்டுக்கொள்ளாதீர்கள்.

இப்போது கரண்டுக்கு வருகிறேன். குழந்தை விழுந்து முழங்காலில் அடிபட்டால் அம்மிச்சி என்ன செய்வார்? “ஒண்ணுமில்ல கண்ணு” என்று அந்த இடத்தைப் பரபரவென்று தேய்த்து விடுவார். தேய்ப்பதால் அடி ஆறுவதில்லை. ஆனால் அழுகை நின்றுவிடுகிறது. இது ஏன் என்பதற்கு 1965இல் மெல்சாக் என்ற கனடாக்காரரும் வால் என்ற ஆங்கிலேயரும் ஒரு விளக்கம் எழுதினார்கள். காலிலிருந்து வருகிற இழைகள் எல்லாம் முதுகுத்தண்டின் பின்பக்கத்தில் கொம்பு மாதிரி இருக்கிற ஒரு பகுதியில் வந்து இறங்குகின்றன. வலிச் செய்தி அங்கே வேறொரு நரம்பணுவுக்குக் கைமாறித்தான் மூளைக்கு ஏறும். அந்த இடத்தில் உங்கள் கம்பெனி வாசல் மாதிரி ஒரு கேட் இருக்கிறது என்றார்கள். வேகமான தொடுவுணர்வு இழைகள் கூட்டமாக வந்து மொய்த்தால், அங்கே காவலுக்கு இருக்கிற சின்னத் தடுப்பு நரம்பணுக்கள் விழித்துக்கொள்ளும். பின்னால் நடந்து வருகிற குடைச்சல் செய்தியை ‘அப்புறம் வா’ என்று நிறுத்தி வைக்கும். அவர்கள் போட்ட படத்தில் சில கோடுகளைப் பின்னால் வந்தவர்கள் திருத்தினார்கள். கேட் இருக்கிறது என்பது மட்டும் நிலைத்துவிட்டது.

அந்தக் கேட்டை மேலேயிருந்து மூளையும் சாத்தச் சொல்லலாம். ஷிப்மென்ட் நாளன்று இரவு பத்து மணி வரைக்கும் ஓட்டியிருப்பீர்கள், குறுக்கு நினைவுக்கே வந்திருக்காது. மறுநாள் ஞாயிற்றுக்கிழமை வீட்டில் சும்மா உட்கார்ந்தால் உயிர் போகும். ‘வேலை செய்யும்போது வலிக்கல, அப்ப நடிக்கறயா’ என்று வீட்டில் கேட்டிருந்தால் இந்தப் பத்தியைக் காட்டுங்கள்.

தேய்ப்பதற்குப் பதில் கரண்டால் அந்தத் தொடுவுணர்வு இழைகளைத் தூண்டினால் என்ன என்று யோசித்தவரும் அதே வால்தான். ஸ்வீட் என்ற நரம்பு அறுவை மருத்துவரோடு சேர்ந்து முதலில் தங்கள் கண்ணுக்குக் கீழே இருக்கிற நரம்பிலேயே மின்முனை வைத்துப் பார்த்துக்கொண்டார்கள். அப்புறம் தீராத வலிக்காரர்கள் எட்டுப் பேருக்கு வைத்தார்கள். நொடிக்கு 100 துடிப்பு, ஒவ்வொரு துடிப்பும் நொடியில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு நேரம். இரண்டே நிமிடம் வைத்ததில் நாலு பேருக்கு அரை மணி நேரத்துக்கு மேல் வலி விலகியிருந்தது. 1967இல் இதை வெளியிட்டார்கள். உங்கள் மகன் வாங்கி வந்த பெட்டிக்குள் இருப்பது ஏறக்குறைய அந்தக் கணக்குதான். இதற்கெல்லாம் முன்பே, கி.பி. முதல் நூற்றாண்டில், கீல்வாதக்காரரை ஈரமான கடற்கரையில் நிற்க வைத்துக் காலுக்கடியில் உயிருள்ள மின்திருக்கை மீனை வைக்கச் சொல்லி ரோமாபுரி மருத்துவர் ஒருவர் எழுதியிருக்கிறார், முழங்கால் வரை மரத்துப்போகிற வரைக்கும். உங்களுக்குப் பெட்டி கிடைத்திருக்கிறதே என்று சந்தோஷப்படுங்கள்.

ஆக, நரம்பு சாகாது. பெட்டியின் கரண்ட் ஒரு நொடியில் 100 முறை வருகிறது, ஒவ்வொரு முறையும் பத்தாயிரத்தில் ஒரு பங்கு நேரம். கூட்டிப் பார்த்தால் ஒரு நொடியில் நூறில் ஒரு பங்குதான் கரண்ட் ஓடுகிறது. மிச்ச நேரம் சும்மா இருக்கிறது. மரத்துப்போக வைப்பது பல் டாக்டர் போடுகிற ஊசியின் வேலை. அது இழையின் சோடியம் கதவையே அடைத்துவிடும். டென்ஸ் எந்தக் கதவையும் அடைப்பதில்லை. தொடுவுணர்வு இழைகளை ஓயாமல் பேச வைக்கிறது, அவ்வளவுதான். தசைப்பிடிப்புக்குத் தைலம் போட்டுத் தேய்க்கும்போதும் பாதி வேலை தேய்ப்பதில்தான் நடக்கிறது. தைலம் விற்கிறவர்கள் கோபித்துக்கொள்ளக் கூடாது.

கேட்டுக்கு முன்னால் கூட்டம் இருக்கிற வரைக்கும்தான் கேட் சாத்தியிருக்கும். கரண்ட் வருவதற்காகத் தோலில் ஒட்டுகிற பேடை எடுத்துவிட்டால் கூட்டம் கலைந்துவிடும். கொஞ்ச நேரம் மிச்சம் இருக்கும், சிலருக்கு அரை மணி, சிலருக்கு இரண்டு மூன்று மணி நேரம். உங்கள் பஸ் கணக்கு இதுதான். துடிப்பை நொடிக்கு 2 முதல் 4 என்று குறைத்து, தசை லேசாகத் துள்ளுகிற அளவுக்குக் கூட்டி வைக்கும் முறை இன்னொன்று. அதில் உடம்பே தயாரிக்கிற எண்டார்ஃபின் சுரக்கும். தணிய நேரமாகும், தணிந்தால் கொஞ்சம் நீடிக்கும். ஆனால் எல்லோராலும் அந்தத் துள்ளலைத் தாங்க முடியாது.

கிளினிக்கில் உங்களுக்கு வைத்தது ஐ.எஃப்.டி. என்கிற பெரிய மெஷினாக இருக்கலாம். நாலு பேட் குறுக்கும் நெடுக்குமாக வைத்திருந்தால் அதுதான். நொடிக்கு 4000 துடிப்பு ஒரு ஜோடியில், 4100 இன்னொரு ஜோடியில் அனுப்புவார்கள். இரண்டும் உள்ளே குறுக்கிடுகிற இடத்தில் 100 என்ற ஏற்ற இறக்கம் உண்டாகும். அவ்வளவு வேகமான கரண்டைத் தோல் அதிகம் தடுக்காது என்பது அதன் சௌகரியம். வலி குறைவதில் பெரிய பெட்டிக்கும் சின்னப் பெட்டிக்கும் பெரிய வித்தியாசம் எதையும் நான் பார்க்கவில்லை.

இப்போது கசப்பான பகுதி. உலக சுகாதார நிறுவனம் 2023இல் நாள்பட்ட குறுக்கு வலிக்கு வழிகாட்டி வெளியிட்டபோது, வழக்கமான சிகிச்சையாக டென்ஸ் வேண்டாம் என்றே சொல்லியது. இங்கிலாந்தின் வழிகாட்டி 2016லேயே அதைச் சொல்லிவிட்டது. இன்னொரு பக்கம், 381 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த 2022ஆம் வருடத்துத் தொகுப்பு ஒன்று, டென்ஸ் வைக்கும்போதும் எடுத்த உடனேயும் வலி குறைகிறது, பெரிய ஆபத்து ஏதும் இல்லை என்கிறது. இரண்டும் ஒன்றையொன்று அடிக்கவில்லை. நோயைத் தீர்க்குமா என்று கேட்டால் தீர்க்காது. அரை மணி நேரம் ஆசுவாசம் தருமா என்றால் பலருக்குத் தரும். அந்த அரை மணி நேரத்தை நீங்கள் என்ன செய்கிறீர்கள் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. பத்து நாளும் நீங்கள் அதைப் பஸ் ஸ்டாப்பில் நின்றும், பஸ்ஸில் குலுங்கியும் செலவழித்திருக்கிறீர்கள்.

அதனால் வீட்டில் இப்படிச் செய்யுங்கள். குறுக்கில் எண்ணெய், தைலம், மஞ்சள் எது இருந்தாலும் சோப்புப் போட்டுக் கழுவித் துடையுங்கள், இல்லாவிட்டால் பேட் ஒட்டாது. இரண்டு பேடை முதுகெலும்புக்கு இரண்டு பக்கமும், இடுப்புச் சேலைக் கட்டுக்கு மேலே, சதையில் ஒட்டுங்கள். எலும்பின் மேல் ஒட்டக் கூடாது. அடுத்த ஜோடியில் ஒன்று வலது பின்புறத்தில், ஒன்று பின்தொடையில். மெஷினில் தசைக்கு, மசாஜுக்கு என்று வேறு முறைகளும் இருக்கும். அவை தசையை இழுத்து ஆட்டிக் காட்டுகிறவை, வலிக்கு இல்லை. டென்ஸ் என்று இருப்பதில் 80 முதல் 100 ஹெர்ட்ஸ், அதாவது நொடிக்கு அத்தனை துடிப்பு, வையுங்கள். அப்புறம் கரண்டை மெதுவாகக் கூட்டுங்கள். முதலில் எறும்பு ஊர்கிற மாதிரி இருக்கும். இன்னும் கூட்டினால், மடக்கி உட்கார்ந்து மரத்துப்போன காலுக்கு உயிர் வரும்போது ஒரு சுறுசுறுப்பு வருமே, அது அடர்த்தியாக வரும். வலிக்கக் கூடாது, சதை துள்ளக் கூடாது, ஆனால் ‘இருக்கா இல்லையா’ என்று சந்தேகப்படுகிற மாதிரியும் இருக்கக் கூடாது. வீட்டில் வைக்கிறவர்கள் செய்கிற தப்பே பயந்துகொண்டு எறும்போடு நிறுத்திவிடுவதுதான். ஐந்து நிமிடத்தில் உடம்பு பழகி உணர்வு மங்கும், அப்போது இன்னும் ஒரு புள்ளி கூட்டுங்கள். காபி பிரியராக இருந்தால் ஒரு தகவல்: இரண்டு மூன்று கப் காபியில் இருக்கிற அளவு கஃபீன் டென்ஸின் பலனைக் குறைக்கிறது என்று 1995இல் ஒரு சிறிய ஆய்வில் பார்த்தார்கள். காபியை மெஷினுக்குப் பின்னால் வைத்துக்கொண்டால் நஷ்டம் இல்லை.

வலி தணிந்ததும் மெஷினை இடுப்பில் செருகிக்கொண்டு எழுந்து நடங்கள். வாசலிலோ மொட்டை மாடியிலோ, பத்து நிமிடம். அப்புறம் பேடைக் கழற்றிவிட்டுக் குப்புறப் படுத்து, முழங்கையை ஊன்றி நெஞ்சை மட்டும் தூக்கி இரண்டு நிமிடம் இருங்கள், இடுப்பு தரையிலேயே கிடக்கட்டும். கெண்டைக்கால் இழுப்பு மேலே ஏறித் தொடையோடும் இடுப்போடும் நின்றால் அது நல்ல குறி, இடுப்பில் கொஞ்சம் கூடினாலும் பரவாயில்லை. வலி கீழே பாதத்தை நோக்கி இறங்கினால் நிறுத்திவிட்டு நேரில் காட்டுங்கள். காலையில் ஒரு தடவை, வேலை விட்டு வந்து ஒரு தடவை, அரை மணி நேரம் போதும். மாதக்கணக்கில் தினமும் ஒரே மாதிரி வைத்தால் உடம்பு அசட்டை செய்ய ஆரம்பிக்கும். நடுவில் ஓரிரு நாள் விட்டு வையுங்கள். தூங்கும்போது வேண்டாம், வண்டி ஓட்டும்போது வேண்டாம், ஓவர்லாக்கில் உட்காரும்போது கண்டிப்பாக வேண்டாம். கழுத்தின் முன்பக்கம், தலை, நெஞ்சு, புண் இருக்கிற தோல் எதிலும் யாருக்கும் ஒட்டாதீர்கள். கர்ப்பிணிகளுக்கு வயிற்றிலும் இடுப்பிலும் வேண்டாம்.

இதைவிட எனக்கு முக்கியமாகப் படுவது உங்கள் ஸ்டூல். உங்களைப் பார்த்ததில்லை, ஆனால் எத்தனையோ ஓவர்லாக் டெய்லர்களைப் பார்த்திருக்கிறேன். முதுகு சாய ஒன்றும் இல்லாத பலகை, வலது கால் பெடலில், இடது கால் ஸ்டூலுக்கடியில் மடங்கி, வெட்டின பீஸ் கட்டு இடது பக்கம் தரையில். ஒவ்வொரு கட்டுக்கும் உட்கார்ந்தபடியே குனிந்து திரும்பி எடுப்பீர்கள். பிதுங்கின டிஸ்க்குக்குக் குனிவதும் திருகுவதும் சேர்ந்து வருவதுதான் ஆகாது. கைமடிக்கிற பெண்ணிடம் சொல்லிக் கட்டை இடுப்பு உயரத்தில் ஒரு பெட்டி மேல் வைக்கச் சொல்லுங்கள். பலகையை உயர்த்தி, இடுப்பு முழங்காலைவிடக் கொஞ்சம் மேலே இருக்கிற மாதிரி பார்த்துக்கொள்ளுங்கள். அரை மணிக்கு ஒரு தடவை எழுந்து நின்று பின்னால் நாலு முறை வளைந்துவிட்டு உட்காருங்கள். பீஸ் ரேட்டில் அரை நிமிடம் போகும்தான், சூப்பர்வைசர் முறைப்பார்தான். முறைக்கட்டும். இந்த மாதிரிக் கால் இழுப்பு பெரும்பாலோருக்கு வாரங்களிலோ சில மாதங்களிலோ தானாகவே அடங்கிவிடும், பிதுங்கின பகுதியை உடம்பே கரைத்துவிடுவதும் உண்டு. தினமும் முந்நூறு தடவை குனிந்து அதைக் கிளறிக்கொண்டிருந்தால்தான் நாள் ஆகும். உங்களுக்கு ஐந்து மாதம் ஆகிவிட்டதால், இன்னும் ஆறு வாரத்தில் முன்னேற்றம் தெரியாவிட்டால் ஸ்கேன் பார்த்த டாக்டரிடம் திரும்பப் போங்கள்.

சில விஷயங்களுக்கு ஆறு வாரம் காத்திருக்கக் கூடாது. சிறுநீர் போக முடியாமல் அடைத்துக்கொண்டாலோ, தெரியாமலே போய்விட்டாலோ, மலம் அடங்காவிட்டாலோ, உட்காருகிற இடமும் தொடையிடுக்கும் மதமதவென்று மரத்துப்போனாலோ அன்றைக்கே, இரவாக இருந்தாலும், பெரிய ஆஸ்பத்திரியின் அவசரப் பிரிவுக்குப் போக வேண்டும். அதில் மணிக்கணக்கு முக்கியம். நடக்கும்போது பாதத்தைத் தூக்க முடியாமல் விரல் தரையில் இழுபட்டாலும் அப்படியே. காய்ச்சலோடு வலி, காரணமில்லாமல் எடை குறைவது, படுத்தாலும் விடாத ராத்திரி வலி இருந்தால் மெஷினை மூலையில் வைத்துவிட்டு டாக்டரைப் பாருங்கள்.

அத்தைக்கு வருகிறேன். இதில் எனக்கு ஒரு பழைய உறுத்தல் இருக்கிறது. வேலைக்குச் சேர்ந்த முதல் வருடம், சர்க்கரைக்காரப் பெரியவர் ஒருவருக்குக் கெண்டைக்காலில் ஈரப் பஞ்சு வைத்துக் கரண்ட் விட்டேன். ஒரு பஞ்சு ஓரமாகக் காய்ந்திருந்ததைக் கவனிக்கவில்லை. “சுடுதுங்களா?” என்று இரண்டு தடவை கேட்டேன். “ஒண்ணுமே தெரியலீங்க, இன்னும் கூட்டுங்க” என்றார். ஒன்றுமே தெரியவில்லை என்பதுதான் அங்கே விஷயம் என்று எனக்கு அப்போது உறைக்கவில்லை. பஞ்சை எடுத்தபோது ஐம்பது பைசா அளவுக்குக் கொப்புளம். அது ஆற இரண்டு மாதம் ஆனது. அவர் என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை.

சர்க்கரையில் பாதம் எரிவது முரண்டு பிடிக்கிற சங்கதி. இழைகள் அடிபட்டு, வெளியே ஒன்றும் நடக்காமலே தாமாக வெடித்துக்கொண்டிருக்கும். எரிகிற அதே பாதத்தில் தொட்டாலும் தெரியாத இடமும் இருக்கும். அத்தையைக் கண்ணை மூடச் சொல்லி, பஞ்சால் பாதத்தில் அங்கங்கே தொட்டு ‘இப்ப எங்கே?’ என்று கேளுங்கள். தண்ணீரில் நனைத்த எவர்சில்வர் கரண்டியை வைத்து ஜில்லென்று இருக்கிறதா என்று கேளுங்கள். சொல்லத் தடுமாறுகிற இடத்தில் பேடும் கூடாது, உப்பு ஒத்தடமும் கூடாது, வெந்நீரில் கால் வைப்பதும் கூடாது. சர்க்கரை மாத்திரையில் மெட்ஃபார்மின் இருந்தால் பி12 அளவைப் பார்க்கச் சொல்லி டாக்டரிடம் கேளுங்கள், அது குறைந்தாலும் எரிச்சல் வரும். எரிச்சலுக்கென்றே தனி மாத்திரைகளும் இருக்கின்றன. காட்டுக்குள் வெறுங்காலோடு போகிற பழக்கத்தை மட்டும் நிறுத்தச் சொல்லுங்கள். செருப்பு கழன்று விழுந்தது தெரியாமல் நாலு எட்டு நடந்துவிட்டு வருகிறவராக இருந்தால் இன்னும் அவசரம். ராத்திரி படுக்கப் போகும்முன் உள்ளங்காலைக் கண்ணாடியில் பார்ப்பது வழக்கமாகட்டும்.

மாமாவுக்கு வேண்டாம். முழங்காலில்தானே வைக்கிறோம், நெஞ்சு எங்கேயோ இருக்கிறதே என்பார். பேஸ்மேக்கர் ஓயாமல் கவனித்துக்கொண்டே இருக்கிற கருவி. இதயம் தானாகத் துடித்தால் பேசாமல் இருக்கும், துடிக்காவிட்டால் தூண்டும். டென்ஸின் நொடிக்கு நூறு துடிப்பை இதயத் துடிப்பு என்று நினைத்துக்கொண்டு அது தன் வேலையை நிறுத்திவிட்டால் மயக்கம் போட்டு விழுவார். அதிர்ச்சி கொடுக்கிற வகைக் கருவியாக இருந்தால், தப்பாகப் புரிந்துகொண்டு உள்ளேயே அடித்துவிடவும் கூடும். அவருடைய இதய டாக்டர் தன் கண் முன்னால் சோதித்துப் பார்த்துச் சொன்னால் அது வேறு, வீட்டில் கிடையாது. முழங்காலுக்கு அவர் நாற்காலியில் உட்கார்ந்து காலை நேராக நீட்டி, பத்து எண்ணி இறக்கட்டும். ஒரு காலுக்குப் பத்து தடவை, காலையும் மாலையும். தொடைத் தசை கெட்டியானால் மூட்டின் மேல் விழுகிற பாரம் குறையும்.

கடைசியாக ஒரு சின்ன விஷயம், இதைத்தான் எல்லோரும் மறக்கிறார்கள். பேடோடு வந்த வழுவழுத் தாளைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். கழற்றியதும் அதிலேயே ஒட்டி, உறையில் போட்டு வையுங்கள். ஒட்டுப் பக்கம் காய்ந்தால் விரலில் ஒரு சொட்டுத் தண்ணீர் தொட்டுத் தடவலாம். அதற்கும் ஒட்டாமல் ஓரம் தூக்கிக்கொண்டு நின்றால், ஒட்டியிருக்கிற துணுக்கு வழியாகவே கரண்ட் எல்லாம் போய்த் தோலைக் கடிக்கும். மகனிடம் சொல்லிப் புதுசு நாலு வாங்கிக்கொள்ளுங்கள்.